அறுபத்தொரு சாட்சிகள்

"இது படிக்கிறதையெல்லாம் நம்புது, மேடம்" என்றாள் வடிவு.

பாத்திமா மேடம் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"நீங்க எதை நம்புவீங்க, வடிவக்கா?"

வடிவு தன் மேஜைக்குப் போய் உட்கார்ந்தாள்.

மலையடிவாரத்து ஊர் ஒன்றில், ஒரு கல்லூரியின் மூன்றாம் மாடியில் அந்த அறை இருந்தது. அங்கேதான் வாசகி இருந்தது. வாசகி ஒரு கணினி. இணையத்தில் தமிழில் என்னென்ன பக்கங்கள் உண்டோ அத்தனையையும் ஓயாமல் படிப்பது அதன் வேலை. படித்து, அதிலிருந்து ஒவ்வொரு சேதியாகப் பொறுக்கி எடுக்கும். ஒவ்வொன்றுக்கும் நூற்றுக்கு இத்தனை என்று ஒரு மதிப்பெண் போடும். தொண்ணூறைத் தாண்டிவிட்டால் அதை நம்பிவிடும்.

இப்படி அது நம்பியவை நாலு லட்சம்.

அதைப் படைத்தவர் செய்யதலி பாத்திமா. வயது முப்பத்தாறு. சங்கரவடிவுக்கு நாற்பத்தேழு. ஒரு மாவட்ட நாளிதழில் இருபத்திரண்டு வருஷம் புரூஃப் பார்த்தவள். பத்திரிகை நின்றுபோன பிறகு இங்கே வந்து சேர்ந்தாள். பதினோரு வயது இளையவர்தான் அவளுக்கு இப்போது குரு.

குரு அதிகம் பேசமாட்டார்.

முதல் நாள் வடிவு, "எனக்கு என்ன வேலை மேடம்?" என்று கேட்டாள்.

மேடம் திரையைக் காட்டினார். அதில், "பூசணி ஒரு மாவட்டம்" என்று இருந்தது.

"இது சரியா?"

"இல்லை."

"வேலை அவ்வளவுதான்."

ஒரு வருஷமாக வடிவு அதைத்தான் செய்தாள். சரி, தப்பு, சரி, தப்பு. 'தாமிரபரணி ஒரு ஆறு' என்று படித்துவிட்டு, 'ஆறு' என்ற சொல்லில் தடுக்கி விழுந்து, ஐந்தையும் ஏழையும் நதிகள் என்று ஒரு வாரம் நம்பிக்கொண்டிருந்தது வாசகி. அதைத் திருத்தும்போது வடிவு சிரித்திருக்கிறாள். அப்போது சிரிக்க முடிந்தது.

இப்போது முடியவில்லை. வரும் திங்கட்கிழமை வாசகிக்கு ஒரு தொலைபேசி எண் கொடுக்கப் போகிறார்கள். மலையோரத்து ஊர்கள் எழுபத்துமூன்று. அங்கே இருக்கிறவர்கள் யார் வேண்டுமானாலும் கூப்பிட்டு, வாயால் கேள்வி கேட்கலாம். வாசகி வாயால் பதில் சொல்லும். எழுதப் படிக்கத் தெரிந்திருக்க வேண்டியதில்லை.

அன்று செவ்வாய்க்கிழமை.

கொஞ்ச நாளாக, வீட்டைப் பூட்டிவிட்டுத் தெருமுனை வரை வந்த வடிவு, திரும்பிப் போய் பூட்டை இழுத்துப் பார்க்க ஆரம்பித்திருந்தாள். ஒருமுறை இழுத்தால் போதவில்லை.

*

ஆஸ்பத்திரிகள் பற்றி வாசகி நம்பியதையெல்லாம் சரிபார்க்கும் பொறுப்பு வடிவுடையது. மூவாயிரம் வரி. பாதியைத் தாண்டியவள் ஒரு வரியில் நின்றுவிட்டாள்.

'ஆனைக்கல்மேடு ஆரம்ப சுகாதார நிலையம். பாம்புக்கடிக்கு மருந்து உண்டு. தொண்ணூற்றெட்டு.'

மேடத்தைக் கூப்பிட்டுக் காட்டினாள்.

"இது சரியா, மேடம்?"

"எனக்கு எப்படித் தெரியும்?"

"வாசகிக்கு எப்படித் தெரியும்?"

"அறுபத்தொரு பக்கம் சொல்லுது."

"அறுபத்தொரு பேரு சொன்னா உண்மையாயிருமா?"

"ஊர்ல அப்படித்தானே?" என்றார் மேடம். போய்விட்டார்.

வடிவு அந்த நிலையத்தின் எண்ணைத் தேடிப் பிடித்துப் போன் போட்டாள். மணி அடித்துக்கொண்டே இருந்தது. எடுக்க ஆளில்லை. பத்து நிமிஷம் கழித்துப் போட்டாள். அரைமணி கழித்துப் போட்டாள். மத்தியானம் சாப்பாட்டு டப்பாவைத் திறந்து வைத்துக்கொண்டு மறுபடியும் போட்டாள். தயிர்சாதம் காய்ந்தது.

பக்கத்து வரிகளுக்குப் போகலாம்தான். ஆயிரத்துச் சொச்சம் பாக்கி இருந்தது. ஆனால் அந்த ஒரு வரி நெஞ்சில் முள்ளாகக் குத்திக்கொண்டு நின்றது. இருந்தால் நல்லது. இல்லாவிட்டால்? காட்டுக்குப் போனவனைப் பாம்பு கடிக்கிறது. வீட்டில் இருப்பவள் போனை எடுத்து வாசகியைக் கேட்கிறாள். வாசகி தயங்காது. அதற்குத் தயங்கத் தெரியாது.

"மேடம், எனக்குப் பயமா இருக்கு" என்றாள் வடிவு. "இந்தப் பயத்தோட என்னால வேலை பாக்க முடியலை. ஒண்ணு இது போகணும், இல்ல நான் போகணும்."

மேடம் எழுந்து வந்தார். வடிவின் கணினியில் ஏதோ தட்டினார். மூலையிலிருந்த பிரிண்டர் உறுமிக்கொண்டு தாள்களைத் தள்ளத் தொடங்கியது. ஒன்று, இரண்டு, பத்து, முப்பது. அறுபத்தொன்று.

"தரையில விரிங்க."

அவ்வளவுதான் சொன்னார்.

*

வடிவு சேலையைச் செருகிக்கொண்டு முட்டிபோட்டு உட்கார்ந்தாள். தாள்களை வரிசையாக விரித்தாள். அறையில் கால் வைக்க இடமில்லாமல் போயிற்று.

முதலில் அர்த்தத்தைப் படித்தாள். எல்லாம் ஒன்றையே சொல்லின. ஒரு பக்கம் மருத்துவ வழிகாட்டி என்றது. ஒன்று சுற்றுலாப் பயணிகளுக்கு என்றது. ஒன்று ஊர்களின் பெருமையைச் சொன்னது. போட்டித் தேர்வுக்குக் குறிப்புகள் என்று ஒன்று. ஒரே சேதியை அறுபத்தொரு வாய் சொல்லிற்று. படிக்கப் படிக்க அவளுக்கே நம்பிக்கை வரத் தொடங்கியது. அதில்தான் அவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது.

பிறகு பழைய வழக்கப்படி படித்தாள். புரூஃப் பார்க்கிறவர்கள் அர்த்தத்தைப் படிப்பதில்லை. எழுத்தைப் படிப்பார்கள். ஒவ்வொரு எழுத்தாக, விரல் வைத்து.

நாலாவது தாளில் விரல் நின்றது.

'விஷமுறவு மருந்து.'

'விஷமுறிவு' என்று இருக்க வேண்டும். றகரத்தின் மேல் இகரச் சுழி விடுபட்டிருந்தது.

ஐந்தாவது தாளைப் பார்த்தாள். விஷமுறவு. ஆறாவது. விஷமுறவு. தவழ்ந்து தவழ்ந்து அறை முழுக்கப் பார்த்தாள். அறுபத்தொன்றிலும் சுழி இல்லை.

எழுந்து நின்றபோது முட்டி வலித்தது. முகத்தில் ஒரு வெளிச்சம் இருந்தது.

"மேடம், இது அறுபத்தொண்ணு இல்லை. ஒண்ணு. யாரோ ஒருத்தர் எழுதினதை மத்த அறுபது பேரும் அப்படியே எடுத்துப் போட்டிருக்காங்க. தப்பைக்கூடத் திருத்தலை." தலையில் அடித்துக்கொண்டாள். "எந்தக் குருடி புரூஃப் பாத்தாளோ."

மேடம் குனிந்து நாலைந்து தாள்களைப் பார்த்தார். தலையசைத்தார்.

"அப்ப இது பொய்யா?"

வடிவின் முகத்து வெளிச்சம் அணைந்தது.

"அறுபத்தொருத்தர் சொன்னா உண்மைன்னு ஆகாது" என்றார் மேடம். "சரி. ஒருத்தர் சொன்னா பொய்ன்னு ஆயிருமா?"

"ஆகாது."

"அப்ப?"

"தெரியலை, மேடம்."

மேடம் தாள்களை மிதிக்காமல், பாதத்தை ஒடுக்கி ஒடுக்கி வைத்து வாசல்வரை நடந்தார். கதவை விரியத் திறந்தார். வெளியே மாடிப்படி தெரிந்தது. படிக்கு அப்பால் மரங்களும், மரங்களுக்கு அப்பால் மலையும் தெரிந்தன.

கதவைத் திறந்தபடியே விட்டுவிட்டு, மறுபடியும் பாதத்தை ஒடுக்கி நடந்து வந்து தன் நாற்காலியில் உட்கார்ந்துகொண்டார்.

வடிவு வெகுநேரம் அந்தக் கதவைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

*

மறுநாள் காலையில் ஆனைக்கல்மேட்டுக்குப் பஸ் ஏறினாள்.

ஒன்றரை மணி நேரப் பாதை. வாழைத்தோட்டங்கள் முடிந்து கல்லும் முள்ளுமாக நிலம் மாறியது. வடிவு முன்சீட்டுக் கம்பியை இறுகப் பிடித்துக்கொண்டிருந்தாள். மருந்து இருக்கட்டும் என்று வேண்டிக்கொண்டாள். அங்கே மருந்து இருக்கட்டும், நான் முட்டாளாகட்டும், மேடம் சிரிக்கட்டும்.

சுகாதார நிலையம் பஸ் நிற்கும் இடத்துக்கு எதிரிலேயே இருந்தது. மஞ்சள் கட்டடம். உள்ளே ஒரு நர்ஸ், குழந்தை ஒன்றைத் தராசில் கிடத்தி எடை பார்த்துக்கொண்டிருந்தார். சட்டையில் அற்புதமேரி என்று பெயர் குத்தியிருந்தது.

வடிவு காத்திருந்தாள். குழந்தையும் தாயும் போனதும் கேட்டாள்.

"சிஸ்டர், இங்க பாம்புக்கடிக்கு மருந்து இருக்கா?"

அற்புதமேரி சட்டென்று எழுந்துவிட்டார்.

"யாருக்கு? எங்க கடிச்சுது? எவ்வளவு நேரமாச்சு?"

"யாருக்கும் இல்லை சிஸ்டர். சும்மா கேக்கேன்."

நர்ஸ் மெல்ல உட்கார்ந்தார்.

"இதைச் சும்மா கேக்கக் கூடாதும்மா."

வடிவு தான் யார், எங்கிருந்து வருகிறாள் என்று சொன்னாள். நர்ஸ் கேட்டுக்கொண்டார்.

"இங்க கிடையாது. இருந்ததே இல்லை. அந்த மருந்தைப் போட்டா கூடவே ஒரு டாக்டர் உக்காந்து பாக்கணும். இங்க டாக்டர் வாரத்துல ரெண்டு நாள். கடிச்சவங்களை நாங்க டவுன் பெரியாஸ்பத்திரிக்குத்தான் அனுப்புவோம்."

"போன்ல இருக்குன்னு போட்டிருக்காங்களே."

"ஆமா" என்றார் நர்ஸ். "அதைப் பாத்துட்டு இந்த வருஷம் ரெண்டு பேரு வந்தாங்க."

நர்ஸ் வெளியே சாலையைக் காட்டினார்.

"ரெண்டு பேருக்குமே டவுனுதான் பக்கம். அதை விட்டுட்டு எதிர்த் திசையில இங்க ஏறி வந்திருக்காங்க. ஒரு பொம்பளை. நடவுக்கு வந்த இடத்துல கடிச்சிருக்கு. நான் ஜீப்ல ஏத்தி அனுப்பினேன். பொழைச்சுட்டா."

"இன்னொருத்தர்?"

நர்ஸ் மேஜைமேல் இருந்த நோட்டை மூடினார்.

"மாடக்கண்ணுன்னு பேரு. முப்பத்தெட்டு வயசு. டவுனு போய்ச் சேருறதுக்குள்ள போயிட்டாரு. அவர் பொஞ்சாதிதான் கூட்டிட்டு வந்தா. மருந்து இங்க இல்லம்மான்னு நான் சொல்லுதேன், அவ நம்பலை. போனை என் மூஞ்சிக்கு நேரா நீட்டிக் காட்டுதா. 'இருக்குன்னு போட்டிருக்கே சிஸ்டர், இருக்குன்னு போட்டிருக்கே'ங்கா. நான் ஏதோ ஒளிச்சு வச்சிருக்கேன்னு நினைச்சிட்டா. அலமாரியைத் திறந்து தேடுதா."

வெளியே ஒரு பஸ் ஹாரன் அடித்துவிட்டுப் போனது.

"யாரு அப்படி எழுதினான்னு எனக்குத் தெரியும்" என்றார் நர்ஸ்.

"யாரு?"

அற்புதமேரி சுவரைக் காட்டினார். கண்ணாடிச் சட்டத்துக்குள் ஒரு பத்திரிகைத் துண்டு. பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால் இந்தக் கட்டடத்தைத் திறந்துவைத்த நாளின் செய்தி. முன்பு இருந்தவர்கள் மாட்டியது.

வடிவு கிட்டே போனாள். தாள் பழுத்திருந்தது. எழுத்து தெளிவாக இருந்தது.

'புறநோயாளிகள் பிரிவு கட்டப்பட்டுள்ளது. பத்துப் படுக்கைகள் போடப்பட்டுள்ளன. குடிநீர் வசதி செய்யப்பட்டுள்ளது. மகப்பேறு அறை அமைக்கப்பட்டுள்ளது. பாம்புக்கடிக்கு விஷமுறவு மருந்து வைக்கப்பட்டுள்ளது.'

சுழி இல்லை.

மேலே பத்திரிகையின் பெயர் இருந்தது. தேதி இருந்தது. பக்கம் ஐந்து என்று இருந்தது.

அவள் புரூஃப் பார்த்த அந்தப் பத்திரிகையில் ஐந்தாம் பக்கம் பதினோரு வருஷம் அவளுடையது. அந்தத் தேதியும் அந்தப் பதினோரு வருஷத்துக்குள்தான் இருந்தது.

"என்னம்மா, தண்ணி வேணுமா?" என்று நர்ஸ் கேட்டது அவளுக்கு எங்கோ தூரத்தில் கேட்டது.

*

வராந்தாவுக்கு வந்து கோமதிநாயகத்துக்குப் போன் போட்டாள். அந்தப் பகுதிச் செய்திகளை அந்தக் காலத்தில் எழுதி அனுப்பியவர் அவர்தான். இப்போது மருமகனின் கடையில் உட்கார்ந்திருந்தார்.

"என்ன வடிவு, எவ்வளவு நாளாச்சு. நல்லாருக்கியா?"

"அண்ணே, ஆனைக்கல்மேடு ஆஸ்பத்திரி திறந்த நியூஸ் ஞாபகம் இருக்கா?"

"இல்லாம என்ன. மழையில நனைஞ்சுக்கிட்டு எழுதினேன்."

"பாம்புக்கடி மருந்து பத்தி என்ன எழுதினீங்க?"

அவர் யோசித்தார்.

"மேடையில பேசினவரு, சீக்கிரம் மருந்து வைக்கப்படும்னாரு. நானும் 'வைக்கப்படும்'னுதான் எழுதி அனுப்பினேன். நீதானே போன் போட்டுக் கேட்ட?"

"என்ன கேட்டேன்?"

"மத்த நாலு வரியும் கட்டப்பட்டுள்ளது, போடப்பட்டுள்ளதுன்னு ஒழுங்கா வருது, இது ஒண்ணு மட்டும் துருத்திக்கிட்டு நிக்குது, மாத்திரட்டுமா அண்ணேன்னு கேட்ட. மாத்துன்னேன்."

வடிவுக்கு எதுவும் நினைவில்லை. ஒரு நாளைக்கு எத்தனை வரி. எத்தனை 'படும்', எத்தனை 'பட்டுள்ளது'. ஆனால் 'துருத்திக்கிட்டு நிக்குது' என்பது அவளுடைய வார்த்தைதான். அவளைத் தவிர அந்த ஆபீசில் வேறு யாரும் அப்படிச் சொன்னதில்லை.

"ஏன் அண்ணே மாத்தச் சொன்னீங்க?"

"எப்படியும் வைக்கத்தானே போறாங்கன்னு நினைச்சேன்" என்றார் கோமதிநாயகம். "ஏன் வடிவு, என்ன விஷயம்?"

"அப்புறம் பேசுதேன் அண்ணே" என்று போனை வைத்தாள்.

பஸ்ஸுக்குக் காத்திருந்தபோது எதிரே ஒரு பெண் விறகுக்கட்டோடு நடந்து போனாள். மாடக்கண்ணுவின் மனைவியாக இருக்குமோ என்று வடிவுக்குத் தோன்றியது. அடுத்து வந்த பெண்ணைப் பார்த்தபோதும் தோன்றியது. அந்த ஊரில் எந்தப் பெண்ணையும் அவளால் நிமிர்ந்து பார்க்க முடியவில்லை.

*

வியாழக்கிழமை காலையில் மேடத்தின் முன்னால் நின்றாள். நடந்ததைச் சொன்னாள். எதையும் விடவில்லை. 'துருத்திக்கிட்டு நிக்குது' என்ற தன் வார்த்தையையும் சொன்னாள்.

"அந்தக் குருடி நான்தான், மேடம்."

மேடம் அவளை ஆறுதல் சொல்லித் தேற்றவில்லை. கடிந்துகொள்ளவுமில்லை.

"அங்க என்ன பாத்தீங்க?"

"மருந்து இல்லை."

"எழுதுங்க."

வடிவு எழுதினாள். இன்ன தேதி, இன்ன நேரம், நான் நேரில் போய்ப் பார்த்தேன், பணியிலிருந்த நர்ஸிடம் கேட்டேன், ஆனைக்கல்மேட்டில் பாம்புக்கடி மருந்து இல்லை, இருந்ததும் இல்லை, டவுனுக்குப் போகவும். ஆறு வரி. ஒவ்வொரு எழுத்தையும் விரல் வைத்து நாலு தடவை பார்த்தாள். மேடம் அதைக் கல்லூரியின் இணையப் பக்கத்தில் போட்டார்.

ஒரு மணி நேரத்தில் வாசகி அதைப் படித்துவிட்டது.

இருவரும் திரையைப் பார்த்தார்கள்.

'பாம்புக்கடிக்கு மருந்து உண்டு. தொண்ணூற்றேழு.'

"ஒண்ணு குறைஞ்சிருக்கு" என்றார் மேடம்.

வடிவு திரையில் விரலை வைத்தாள்.

"நான் போய்ப் பாத்துட்டு வந்தேன், மேடம்."

"வாசகிக்கு அது எப்படித் தெரியும்?"

"தேதி போட்டிருக்கேன். நேரம் போட்டிருக்கேன்."

"எல்லாப் பக்கத்துலயும் தேதி இருக்கு. அதுக்கு நீங்க அறுபத்திரண்டாவது ஆள்."

"அப்ப நீங்களே அழிச்சிருங்க. உங்களால முடியும்ல?"

"முடியும்."

மேடத்தின் விரல் ஒரு விசையின்மேல் போய் நின்றது. அங்கேயே நின்றது.

"யாரு சொல்லி அழிக்க?"

"நான் சொல்லி."

மேடம் அவளைத் திரும்பிப் பார்த்தார்.

வடிவு அந்த ஐந்தாம் பக்கத்தை நினைத்துக்கொண்டாள். அன்றும் இப்படித்தான் இருந்திருக்கும். அவள் சொன்னாள். மாறியது.

தன் போனை எடுத்தாள். அற்புதமேரியிடம் வாங்கி வந்திருந்த எண்ணைத் தேடி எடுத்து, போனை மேஜைமேல் மேடத்தின் கைக்கெட்டும் தூரத்தில் வைத்தாள்.

"நீங்களே கேளுங்க."

மேடம் பேசினார். பேசியதைவிடக் கேட்டதுதான் அதிகம். ஒரு இடத்தில், "அலமாரியையா?" என்று மட்டும் கேட்டார். போனை வைத்த பிறகும் சற்று நேரம் அதன் மேலேயே கை வைத்திருந்தார்.

எட்டு வருஷமாக வாசகியை வளர்த்தவர். அது நம்பும் நாலு லட்சம் சேதிகளில் ஒன்றைப் பற்றி, நேரில் அறிந்த ஒரு மனுஷியின் குரலை அவர் கேட்டது அதுதான் முதல் தடவை.

விசையை அழுத்தினார். வரி மறைந்தது. அடுத்த வரி மேலே ஏறி அந்த இடத்தில் உட்கார்ந்துகொண்டது.

நிம்மதி வரும் என்று வடிவு நினைத்தாள். வரவில்லை. அடுத்த வரியைப் பார்த்தாள். அதற்கு அடுத்த வரியைப் பார்த்தாள்.

"ஐந்தாம் பக்கம் பதினோரு வருஷம், மேடம்" என்றாள். "இதுல இன்னும் எத்தனை என்னோடது?"

"உங்களோடது மட்டுமா?" என்றார் மேடம்.

*

தப்பாக இருந்தால் உயிர்போகும் வரிகளை மட்டும் தனியே பிரித்துக் கொடுக்க வாசகியால் முடியுமா என்று வடிவு கேட்டாள்.

"அதுக்கு அது தெரியாது. பூசணியையும் பாம்பையும் ஒரே மாதிரிதான் நம்பும்."

"அப்ப யாருக்குத் தெரியும்?"

மேடம் மலையோரத்து ஊர்களைப் பற்றிய வரிகளை மட்டும் எடுத்து அவள் திரைக்கு அனுப்பினார். வடிவு உட்கார்ந்து தானே பிரிக்கத் தொடங்கினாள்.

ஒரு வரியைப் படிப்பாள். அதை நம்பி ஒருத்தி கிளம்பிப் போவதாக நினைத்துப் பார்ப்பாள். பயம் வராவிட்டால் விட்டுவிடுவாள். வந்தால் எடுத்துத் தனியே வைப்பாள். அவளுக்குத் தெரிந்த முறை அது ஒன்றுதான். இந்தக் காளானைத் தின்னலாம். இந்தக் கிழங்கை ஒருமுறை வேகவைத்தால் போதும். மழைக்காலத்திலும் இந்த ஓடையைக் கடக்கலாம். காய்ச்சல் மாத்திரை குழந்தைக்கு இவ்வளவு. இந்தக் கிணற்றுத் தண்ணீர் குடிக்க ஏற்றது. இந்த எண்ணில் எந்நேரமும் ஆம்புலன்ஸ் கிடைக்கும்.

எல்லாம் தொண்ணூற்றைந்துக்கு மேல்.

வியாழன் போயிற்று. வெள்ளி போயிற்று. அவள் பூட்டை இழுத்துப் பார்க்கத் திரும்பிப் போகவில்லை. அதற்கு நேரமில்லை.

சனிக்கிழமை மத்தியானம் எண்ணி முடித்தாள். நானூற்றுப் பன்னிரண்டு.

தாளாக எடுத்து மேடத்தின் மேஜையில் வைத்தாள். அங்கே ஏற்கெனவே ஒரு கட்டு இருந்தது. திங்கட்கிழமை விழாவுக்கான அழைப்பிதழ்கள். கெட்டி அட்டை, தங்க எழுத்து. வரப்போகிற பெரிய மனிதர்களின் பெயர்கள் கீழே வரிசையாக.

மேடம் தாள்களைப் புரட்டினார். வெகுநேரம் புரட்டினார்.

"இந்த நானூத்திப் பன்னிரண்டையும் எடுத்துட்டுத் திறக்கலாம், வடிவக்கா. இதைப்பத்தி யாராவது கேட்டா, தெரியாதுன்னு சொல்லும்."

"திங்கக்கிழமை யாரு கூப்பிடுவாங்க, மேடம்?"

"மலையில இருக்கிறவங்க."

"எதுக்குக் கூப்பிடுவாங்க?"

மேடம் தாளைக் கீழே வைத்தார்.

"பூசணி எந்த மாவட்டம்னு கேக்கவா?" என்றாள் வடிவு. குரலில் கேலி இல்லை.

விசிறி மேலே சுற்றிக்கொண்டிருந்தது. அழைப்பிதழ் கட்டின் மேல் அட்டை லேசாகத் தூக்கித் தூக்கி விழுந்தது. மேடம் அதன்மேல் உள்ளங்கையை வைத்து அழுத்திப் பிடித்துக்கொண்டார். இத்தனை நாளில் மேடத்தின் கையை வடிவு கவனித்ததே இல்லை. நகங்கள் சதைவரை கடிக்கப்பட்டிருந்தன. எட்டு வருஷமும் கடித்திருப்பார் போல.

"அப்ப நான் என்ன செய்யட்டும், வடிவக்கா?"

மேடம் அவளிடம் எவ்வளவோ கேள்விகள் கேட்டிருக்கிறார். பதில் தெரியாமல் கேட்டது அது ஒன்றுதான்.

வடிவு தாள்களைக் கையில் எடுத்தாள். மேஜையில் தட்டி ஓரம் சேர்த்தாள். நடுவில் பிரித்தாள். ஒரு பாதியைத் தன் துணிப்பையில் வைத்துக்கொண்டாள். மற்ற பாதியை மேடத்திடம் நீட்டினாள்.

மேடம் அதை உடனே வாங்கவில்லை. போனை எடுத்து விழா நடத்துகிறவரைக் கூப்பிட்டார்.

"திங்கக்கிழமை இல்லை" என்றார் அதில்.

மறுமுனை கத்துவது வடிவுக்கே கேட்டது. மேடம் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். எப்போது, எப்போது என்று அந்தக் குரல் திரும்பத் திரும்பக் கேட்டது.

"தெரியலை, சார்" என்றார் மேடம். வைத்துவிட்டார்.

பிறகு வடிவின் கையிலிருந்த தாள்களை வாங்கினார். முதல் வரியைப் படித்தார். ஒரு பாலம். லாரி போகலாம் என்று இருந்தது. ஊரின் பெயரை அவர் கேள்விப்பட்டதே இல்லை.

"இந்த ஊரு எங்க இருக்கு, வடிவக்கா?"

"எனக்கும் தெரியாது, மேடம்" என்றாள் வடிவு. "கேட்டுக் கேட்டுத்தான் போகணும்."